நடராசனை மேற்கோள் காட்டியவர்கள்

பனமலை ஏரிக்கு இந்தப் பக்கம் உள்ள டீக்கடையில் நடராசனை 'ஜெர்மனி நடராசன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஜெர்மனிக்குப் போனதில்லை. விழுப்புரத்துக்கு அப்பால் அவர் போன தூரம் என்று பார்த்தால் ஒருமுறை திருப்பதி, மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ஒருமுறை காஞ்சிபுரம், அவ்வளவுதான். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போடுவார், தண்ணீர் இருந்தால் நெல் வைப்பார், இல்லாத வருஷம் கேப்பையோடு நிறுத்திக்கொள்வார். ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். அப்படிப்பட்ட மனுஷனின் பெயரை ஆயிரத்துக்கு மேற்பட்ட விஞ்ஞானக் கட்டுரைகள் சொல்லிக்கொண்டிருந்தன. டீக்கடைக் கதை இல்லை இது, உண்மை. அந்த உண்மையை அழித்தவள் அவர் மகள் கலைமதி. வேறு வழியில்லாமல் அழித்தாள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

விஷயம் ஆரம்பித்தபோது அவள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தாள். அறிவியல் கணிப்பு என்பது அவள் துறை. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வெள்ளம் எந்தப் பக்கம் பாயும், நிலத்தடி நீர் எங்கே வற்றும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதென்றால் நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்கு ஒரு சமன்பாடு எழுதுவார்கள். லட்சக்கணக்கில் சமன்பாடுகள் சேரும். ஒன்றின் விடை தெரியாமல் பக்கத்துக் கட்டத்தின் விடை தெரியாது. கம்ப்யூட்டர் உத்தேசமாக ஒரு விடையை வைத்துக்கொண்டு, திருத்தித் திருத்தி உண்மைக்குக் கிட்டே போகும். சிக்கு விழுந்த நூல்கண்டில் எந்த முனையை முதலில் இழுக்கிறோம் என்பதில்தானே விஷயம் இருக்கிறது? எந்தச் சமன்பாட்டை முதலில் எடுத்தால் சிக்கு சீக்கிரம் விடும் என்பதற்குக் கலைமதி ஒரு வழி கண்டுபிடித்தாள். நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்த கணக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

அவளுடைய கைடு சீனுவாசன் சார் அபூர்வமான மனுஷர். நம் ஊரில் மாணவன் ஒரு கட்டுரை எழுதினால் கைடு பெயர், துறைத்தலைவர் பெயர், சமயத்தில் பிரின்சிபால் பெயர் வரைக்கும் மரியாதைக்காக ஏறி உட்கார்ந்துகொள்ளும். சீனுவாசன் சார், "இதுல நான் ஒரு புள்ளிகூட வைக்கலையேம்மா, எம்பேரு எதுக்கு?" என்று மறுத்துவிட்டார். ஆகவே கட்டுரையில் ஒரே ஒரு பெயர்தான். அந்த ஒரு பெயரில்தான் வந்தது வினை.

பத்திரிகைக்கு ஆன்லைனில் அனுப்பும்போது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் வந்து நின்றன. இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போகமாட்டேன் என்று சிவப்பு எழுத்தில் அடம்பிடித்தது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? ஆளுக்கு ஒரு பெயர், அதற்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து. கலைமதி என்பதை முதல் கட்டத்தில் போட்டாள். முன்னால் இருந்த 'என்' என்ற இனிஷியலை விரித்து, இரண்டாவது கட்டத்தில் நடராசன் என்று அடித்தாள். ஆய்வகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவளும் யோசிக்கவில்லை.

வெளிநாட்டு வழக்கத்தில் கடைசிப் பெயர்தான் ஆளின் பெயர், முதல் பெயர் 'கே.' என்று ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடும். கட்டுரை வெளிவந்த மறுவருஷமே ஜெர்மனியில் ஒரு குழு, எல்லோரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் தங்கள் மென்பொருளில் அவள் முறையைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'நடராசன் வரிசை'. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? 'நடராசன் காட்டியதுபோல', 'நடராசன் வரிசைப்படி' என்று பிரேசிலிலும் கொரியாவிலும் எழுத ஆரம்பித்தார்கள். 'அன்புள்ள டாக்டர் நடராசன்' என்று அவளுக்கு மின்னஞ்சல் வந்தது.

அதை அவள் ஊருக்குப் போனபோது விளையாட்டாகத்தான் சொன்னாள். நடராசன் களத்தில் உட்கார்ந்து கொடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மா கெங்கம்மாள் பக்கத்தில்.

"அப்பா, உங்களுக்கு ஜெர்மனில இருந்து லெட்டர் வந்துகீது."

"எனக்கா? எனக்கு எவன் போடறான்?"

அவள் விளக்கினாள். அவர் கொடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னார். பிறகு கெங்கம்மாளைப் பார்த்து, "கேட்டியா? கணக்கு பண்றவன் எல்லாம் எம்பேர சொல்லிட்டுத்தான் கணக்கே பண்றானாம்" என்றார். கெங்கம்மாள், "பொண்ணு மண்டைய ஒடச்சிக்கினா நீ பேரெடுத்துக்கிறியா?" என்று நொடித்தாள். அதெல்லாம் அவர் காதில் விழவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே டீக்கடைக்கு விஷயம் போய்விட்டது.

அன்றிலிருந்து போனில் அவருக்கு ஒரு கேள்வி நிரந்தரமாகிவிட்டது. "இப்ப எத்தினி பேரு எழுதிகிறாங்க?" அவள் சொல்லும் எண்ணை அவர் மனப்பாடமாக வைத்திருந்து அடுத்த தடவை சரிபார்ப்பார். ஒருமுறை போலந்துக்காரர் ஒருவர், நடராசன் வரிசை இன்ன மாதிரிக் கணக்குகளில் எடுபடவில்லை என்று எழுதியிருந்தார். அதையும் அவள் சொல்லிவிட்டாள். மனுஷனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"இன்னா கொறைய கண்டானாம் நம்மகிட்ட?"

"கொறை சொன்னாலும் எண்ணிக்கையில சேருங்கப்பா. அவரும் நம்ம பேர எழுதித்தானே ஆகணும்?"

"திட்டினாக்கூட கணக்கா?" என்றார். "பரவால்லையே. நல்ல ஏற்பாடாத்தான் வச்சிக்கிறாங்க."

கலைமதிக்கு இது பிடித்திருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தன் வேலையை அப்பா பெயரில் உலகம் சொல்வதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. விழுப்புரம் காலேஜில் எம்.எஸ்சி. படிக்கும்போது, கடைசி பஸ் தவறிய நாளில் எல்லாம் விக்கிரவாண்டி கூட்டுரோடு வரை டிவிஎஸ்ஸில் வந்து நின்றவர் அவர். பெண்ணுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "அது படிக்குது, நான் நிறுத்தப் போறதில்ல" என்று ஒற்றை வரியில் முடித்தவர். எடுத்துக்கொள்ளட்டுமே என்று இருந்தாள்.

பிறகு கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை அன்புச்செல்வன், திண்டிவனத்துக்காரர், இருசக்கர வாகன ஷோரூமில் மேனேஜர். நல்ல மனுஷர், குடி கிடையாது, குரல் உயர்த்த மாட்டார். மனைவி என்ன கணக்குப் போடுகிறாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அதைக் குற்றம் என்று சொன்னால் பாதி ஊரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும். நம் ஊரில் பெண்ணின் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து அவளுடையதே இல்லை. பிறந்தபோது அப்பன் எழுத்து, கழுத்தில் தாலி ஏறினால் புருஷன் எழுத்து. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும்போதே என். கலைமதி, ஏ. கலைமதி ஆகிவிட்டாள். ஆதாரும் பேங்க்கும் பின்னாலேயே மாறின. திண்டிவனத்துக்கு முன்னால் நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தபோது பணிப்பதிவேட்டிலும் ஏ. கலைமதிதான்.

அந்தக் கல்லூரி வேலையைப் பற்றி எழுதினால் கோபம் வருகிறது. வாரம் முழுக்க வகுப்பு, விடைத்தாள், வருகைப்பதிவு. சித்திரை வெயிலில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடு வீடாகப் போய், எங்கள் கல்லூரியில் சேருங்கள் என்று நோட்டீஸ் கொடுக்கவும் வாத்தியார்களைத்தான் அனுப்புவார்கள். இதற்கு நடுவில் வருஷத்துக்கு இத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட வேண்டும் என்று உத்தரவு வேறு. சிலர் ஆள் வைத்து எழுதி வாங்கிப் போட்டார்கள், அவர்கள் பெயரில் கட்டுரைகள் ஆடி மாசத்துக் கூழ் மாதிரி பொங்கி வழிந்தன. கலைமதிக்கு அதற்கு மனசு வரவில்லை. கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் தானே எழுதினாள். ஏ. கலைமதி என்ற பெயரில் நாலைந்து சிறு கட்டுரைகள் வந்தன. அவற்றை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

போன வருஷம் நிர்வாகம் ஒரு மென்பொருளை வாங்கியது. ஆசிரியர் பெயரைக் கொடுத்தால் எத்தனை கட்டுரை, அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று அதுவே எண்ணிச் சொல்லிவிடும். அதில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருப்பவர்களின் வேலை மே மாதத்தோடு முடியும் என்று சுற்றறிக்கை வந்தது. கலைமதியின் பெயருக்கு நேரே மேற்கோள் பதினொன்று என்று காட்டியது. கணிதத் துறையிலேயே கடைசி இடம்.

துறைத்தலைவர் ஜெகதீசனிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"சார், 'நடராசன் வரிசை' கட்டுரை என்னுது சார். ஆயிரத்துக்கு மேல சைட்டேஷன் இருக்கு."

"எனக்குத் தெரியும் மேடம். நானே அதைப் பாடத்துல நடத்தியிருக்கேன். ஆனா பேப்பர்ல உங்க பேரு இல்லையே. கே. நடராசன்னு இல்ல காட்டுது?"

"அது எங்கப்பா பேரு சார். கல்யாணத்துக்கு முந்தி போட்ட இனிஷியல்."

"கமிட்டிக்கு அதைச் சொன்னா நம்ப மாட்டாங்க மேடம். பதிவேட்டுல இருக்கிற பேரும் பேப்பர்ல இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும். மிஷின்ல ஏறலைன்னா நான் இன்னா பண்ண முடியும்?"

அவள் நம் ஊர்க்காரி செய்யக்கூடியதைச் செய்தாள். நோட்டரியிடம் போய், என். கலைமதியும் கலைமதி நடராசனும் ஏ. கலைமதியும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி வாங்கிவந்தாள். தாசில்தார் ஆபீசிலும் பேங்க்கிலும் செல்லுபடியாகும் அந்தக் காகிதத்தை மென்பொருள் சீந்தவில்லை. போதாக்குறைக்கு, கே. நடராசன் என்ற பெயரில் தெற்கே எங்கோ ஒருவர் இறால் வளர்ப்பைப் பற்றி எழுதியிருந்தார். கணக்கெடுக்கும் கம்பெனி இருவரையும் ஒருவராகவே சேர்த்து வைத்திருந்தது. கமிட்டியில் ஒருவர், "இறாலும் உங்க ஆராய்ச்சிதானா மேடம்?" என்று கேட்டுச் சிரித்தார். சீனுவாசன் சார் உயிரோடு இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அவர் கொரோனாவில் போய்ச் சேர்ந்துவிட்டார். தான் பெற்ற பிள்ளையைத் தன்னுடையதுதான் என்று ஊர் ஊராக நிரூபித்துக்கொண்டு அலைவது போல இருந்தது கலைமதிக்கு.

இரண்டு வழிகள் மிஞ்சின. ஒன்று, அரசிதழில் விளம்பரம் கொடுத்துத் தன் பெயரை மறுபடியும் கலைமதி நடராசன் என்றே மாற்றிக்கொள்வது. வீட்டில் சொல்லிப் பார்த்தாள். அன்புச்செல்வன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"எம் பேர எடுத்துட்டு உங்கப்பா பேர போட்டுக்கப் போறியா?"

"வேலைக்காகத்தாங்க."

"எனக்குப் புரியுது கலை. ஆனா ஊருக்குப் புரியுமா? ரெண்டு பேருக்கும் ஏதோ தகராறு, ஒறவத் தீத்துக்கினு போயிட்டாள்னுதான் பேசுவாங்க. நம்ம பாப்பா ஸ்கூல்ல உம் பேரு வேற, ஆதார்ல வேற. எத்தினி எடத்துல மாத்துவ? மே மாசத்துக்குள்ள ஆவற வேலையா இது?"

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது வழி சுலபமானது. கட்டுரை வெளிவந்த பத்திரிகையிலேயே ஒரு வசதி இருந்தது. பெயர் மாறிய ஆசிரியர்கள் விண்ணப்பித்தால், பழைய கட்டுரையில் புதுப் பெயரைப் போட்டுவிடுவார்கள். ஏன், எதற்கு என்று கேட்க மாட்டார்கள். மாற்றியதாக ஒரு குறிப்பும் வைக்க மாட்டார்கள். முதலிலிருந்தே அந்தப் பெயர்தான் என்பதுபோல் ஆகிவிடும். யாருடைய மனமும் நோகக் கூடாது என்பதற்காக நல்லவர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு.

விண்ணப்பிக்கும் முன்னால் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஊருக்குப் போனாள். நடராசன் பம்ப் செட் ஓரம் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னாம்மா எளைச்சிட்ட?"

"காலேஜ்ல தொல்லைப்பா. வேலை நிலைக்குமான்னே பேஜாரா கீது."

"ஆயிரம் பேரு எழுதிகிறாங்க, உன்ன எவன் நிறுத்துவான்? அவனுங்ககிட்ட காட்டு." ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நெருங்கிவந்தார். "இப்ப எத்தினி ஆச்சு?"

அவள் சொன்னாள். போன தடவையைவிட முப்பது கூடியிருக்கிறது என்று அவர் உடனே கணக்குப் போட்டுச் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டாள். அவருக்கு என்ன தெரியப்போகிறது, அவர் இங்கிலீஷா படிக்கப்போகிறார் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதற்காக அவள் பின்னால் தன்னையே எவ்வளவோ திட்டிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அந்த நினைப்பு சௌகரியமாகத்தான் இருந்தது.

விண்ணப்பம் போனது. ஒரு மாதத்துக்குள் பதில் வந்தது. பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக அவள் பார்த்துப் பழகிய தலைப்புக்குக் கீழே 'ஏ. கலைமதி' என்று இருந்தது. ஆசிரியர் அறையில் ஆள் இருந்ததைக்கூடப் பார்க்காமல் அழுதுவிட்டாள். அதில் பாதி துக்கம், பாதி சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை யாரும் குறைசொல்ல முடியாது. எழுதியது அவள், தன் பெயரை அதன் தலையில் முதல் தடவையாகப் பார்க்கிறாள். கல்லூரி மென்பொருளில் பதினொன்று என்றிருந்தது ஆயிரத்தைத் தாண்டியது. இறால் ஆராய்ச்சி கேட்டவரே பொன்னாடை போர்த்தினார். வேலை நிலைத்தது.

அந்த வாரத்திலேயே நடராசனுக்கு நெஞ்சுவலி வந்தது. விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கலைமதி லீவு போட்டுவிட்டு முதல் நாளே ஓடினாள். அப்போது அவர் மூக்கில் குழாயோடு கிடந்தார், பேசவில்லை. நாலாம் நாள் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், நன்றாகப் பேசுகிறார் என்று கெங்கம்மாள் போன் செய்தாள். மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்குக் கலைமதி போய்ச் சேர்ந்தபோது வார்டுக்கு வெளியிலேயே அப்பாவின் குரல் கேட்டது.

"தோ, வந்துட்டா பாரு!"

பக்கத்துக் கட்டிலில் கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர், இப்ராஹிம் ஷா, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துபாயில் ஸ்டோர் கீப்பராக இருந்து திரும்பியவர். நர்ஸ் லூர்துமேரி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம்," என்றாள் அவள் சிரித்துக்கொண்டு. "காலையில இருந்து உங்கப்பா எங்களுக்கு க்ளாஸ் எடுக்கிறாரு. வெளிநாட்டு சயின்டிஸ்ட் எல்லாம் அவரு பேர சொல்லித்தான் வேலையே செய்றாங்களாமே?"

"நம்ப மாட்டேன்றாங்கம்மா," என்றார் நடராசன். குரலில் பலம் இல்லை, உற்சாகம் இருந்தது. "பாய்க்கு இங்கிலீஷ் நல்லா வரும். போன்ல எடுத்துக் காட்டு. அவரே படிக்கட்டும். ஜல்தியா எடு, டாக்டர் வந்துடுவாரு."

கலைமதி அவர் போர்வையை இழுத்துவிட்டாள். "அப்புறம் பாத்துக்கலாம்ப்பா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள்.

"நாலு நாளா ரெஸ்ட்டுதானே? காட்டும்மா."

"காட்டுங்க மேடம்," என்றார் இப்ராஹிம் ஷா. "அண்ணன் ஆசையா சொல்றாரு. நாமளும் பாப்போம்."

வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்திருக்கலாம். போனில் சார்ஜ் இல்லை என்றிருக்கலாம். அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. அவள் பக்கத்தைத் திறந்து போனைக் கொடுத்தாள். இப்ராஹிம் ஷா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"ஏ, கலைமதி... மேடம் பேரு போட்டிருக்கு. அடேயப்பா, ஆயிரத்தி நூத்திச் சொச்சம் பேர் எடுத்து எழுதியிருக்காங்க. மாஷா அல்லாஹ்!" பிறகு மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அண்ணே, உங்க பேரு எங்க?"

"மேலயே இருக்கும் பாய். தலைப்புக்குக் கீழ."

"கலைமதின்னுதான் இருக்கு."

"அதுக்குப் பக்கத்துல பாரு."

"ஏ-ன்னு ஒரு எழுத்து இருக்கு. வேற ஒண்ணும் இல்லையேண்ணே."

நடராசன் மகளைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். அதற்குள் கலைமதி வாயைத் திறந்துவிட்டாள்.

"இருந்துச்சுங்க பாய். பன்னெண்டு வருஷமா அப்பா பேருதான் இருந்துச்சு. போன மாசம் நான்தான் மாத்தச் சொல்லி எழுதிப் போட்டேன். அவரு சொன்னது எல்லாம் உண்மைதான்."

இப்ராஹிம் ஷா கண்ணாடியைக் கழற்றினார். அவளைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பரிவு. "புரியுதும்மா," என்றார். "பெத்தவங்க மனசு நோவக் கூடாதுன்னு நினைக்கிற. நல்ல புள்ள." லூர்துமேரியும் அதே பரிவோடு தலையாட்டினாள். கலைமதி சொன்ன உண்மை அங்கே ஒரு நோயாளிக்காகச் சொன்ன பொய்யாக ஆகிப்போனது. அவள் மறுபடியும் சொல்ல வாயெடுத்தாள்.

"உடு பாய்," என்றார் நடராசன். சிரித்தார். "நான்தான் ஒளறிக்கினு இருந்தேன். படுத்துக் கெடக்கறவனுக்குப் பொழுது போவ வேணாமா? அவ எழுதினது, அவ பேருதான் இருக்கும். எம்பேர எவன் எழுதப் போறான்?"

"தாத்தா, அப்ப எங்களைத்தான் ஏமாத்திக்கினு இருந்தியா?" என்று லூர்துமேரி செல்லமாக அதட்டினாள்.

"ஆமா, சும்மாதான்," என்றார்.

ஐந்தாம் வகுப்பு படித்த மனுஷர், வாழ்நாளில் ஒருவரிடம் பொய் சொன்னதாகப் பெயரெடுக்காதவர், முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு எதிரில் தன்னைப் பொய்யன் என்று ஒப்புக்கொண்டார். மகளை யாரும் ஒன்றும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக.

லூர்துமேரி அடுத்த கட்டிலுக்குப் போனாள். இப்ராஹிம் ஷா மாத்திரை போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். கலைமதி போனில் அவசர அவசரமாகத் தேடினாள். பத்திரிகை தன் பக்கத்தைத்தானே மாற்றியது, மற்றவர்கள் எழுதியதை அது என்ன செய்ய முடியும்? ஜெர்மன்காரர்களின் பழைய கட்டுரையில் 'நடராசன் வரிசை' என்று இப்போதும் இருக்கும். அதை எடுத்துப் பாயை எழுப்பிக் காட்டிவிடலாம் என்று நினைத்தாள். எழுத்துக்கள் தப்புத் தப்பாக விழுந்தன. நடராசன் ஊசி குத்தியிருந்த கையை நீட்டிப் போனைக் கீழே அழுத்தினார்.

"வேணாம்மா. அவரு தூங்கட்டும்."

"அப்பா, நான்..."

"வேலை போவல இல்ல?"

"போவலப்பா. நிலைச்சிடுச்சு."

"அப்ப சரி. அதுக்குத்தானே மாத்தின? உம் புத்தியில வந்தது, உம் பேருல இருக்கறதுதான் நாயம். அது எனக்குத் தெரியாதா?" மூச்சு வாங்கியது. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் கலை. சொல்லியிருந்தா, நான் பாட்டுக்கு எல்லார்கிட்டயும் பேசிக்கினு இருந்திருக்க மாட்டேன்."

கலைமதி அவர் கையில் முகத்தை வைத்துக்கொண்டு உடைந்து அழுதாள். அவர் மற்றக் கையால் அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

"மெதுவா அழும்மா," என்றார். "பாய் முழிச்சிக்கப் போறாரு."